நாலு: மூச்சு கேட்கிறது

மாப்பிள்ளைக்குப் பழைய இசைத்தட்டு என்றால் உயிர். அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குள் நுழையும்போதே கக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. வீட்டைக் காலி செய்துகொண்டு போன யாரிடமிருந்தோ மொத்தமாக வாங்கினாராம். கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தட்டையும் உறையிலிருந்து உருவி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று தலையைத் தூக்கினார்.

"மாமா, நீங்க மொதமொதல்ல வாங்கின ரெக்கார்டு எது? ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? ஒரே நாள்ல மூணு வாங்கினேன்."

"அடேயப்பா! என்னென்ன பாட்டு?"

"மூணும் ஒரே பாட்டுதான்."

"ஓ, வேற வேற ஆள் பாடினதா?"

"ஒரே ஆள், ஒரே கம்பெனி, ஒரே பச்சை லேபிள். மூணும் ஒண்ணேதான்."

மாப்பிள்ளை மாமனாரை ஒரு தினுசாகப் பார்த்தார். சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் வந்தது. "மூணுன்னு பெருமை அடிச்சுக்காதீங்க. அதுல ஒண்ணு என்னோடது."

"அது அப்புறம் நான் குடுத்தது. வாங்கும்போது மூணுதானே?"

மகள் காபி டம்ளர்களோடு வந்து கணவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்தக் கதை அவளுக்குத் துண்டு துண்டாகத் தெரியும். முதலிலிருந்து கடைசி வரை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

மாமனாருக்குப் பத்திரத்தில் எழுதுகிற பெயர் ஒன்று உண்டு. ஆனால் தொழிற்சாலையில் வைத்த பெயர்தான் கடைசி வரை ஒட்டிக்கொண்டது: நாலு. ரெக்கார்டு அடிக்கிற தொழிற்சாலையில் நாலாம் நம்பர் மெஷின் அவருடையது. அங்கே யாரும் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏழு, கொஞ்சம் தள்ளு" என்பார்கள். "ஒம்போதுக்குக் கல்யாணம், ஒரு வாரம் லீவு" என்பார்கள். அப்போது அவருக்கு இருபத்துநாலு வயது. அந்த வயசுக்காரனை அவர் இவர் என்று சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும். அவன் என்றே சொல்வோம்.

பெரிய கொட்டகை. பதினோரு அச்சு மெஷின்கள், பதினோரு ஆட்கள். வேலை சொல்வதற்குச் சுலபம். கொதிக்கிற கறுப்புக் களியை உள்ளங்கை அளவு உருண்டையாக எடுத்து அச்சின் நடுவில் வைக்க வேண்டும். அடியில் ஒரு லேபிள், மேலே ஒரு லேபிள். நெம்புகோலை இழுத்தால் மேல் அச்சு இறங்கி அமுக்கும். உள்ளே நீராவி ஓடும், பிறகு பச்சைத்தண்ணீர் ஓடும். திறந்தால் தட்டு. விளிம்பில் பிதுங்கி நிற்கிற களியை வெட்டிவிட்டு, தட்டைக் கம்பியில் கோத்துவிட்டு, அடுத்த உருண்டையை எடுக்க வேண்டும். நாளுக்கு நானூறு தட்டு.

நாலு அந்த வேலையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. இத்தனை நாளில் ஒரு ரெக்கார்டைக்கூட அவன் உட்கார்ந்து கேட்டதில்லை. வீட்டில் பிளேயர் கிடையாது. பாட்டு என்றால் எதிர்வீட்டு ரேடியோவில் பாதி, பேருந்து நிலையத்து ஒலிபெருக்கியில் மீதி. கொட்டகைக்குள் நீராவி சீறுகிற சத்தத்தில் பக்கத்து மெஷின்காரன் கத்தினாலும் காதில் விழாது; வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சு. தட்டுக்குள் பாட்டு இருக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். கம்பிக்குள் மின்சாரம் இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்போமே, அப்படி.

அவனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சேர்ந்த முதல் மாசத்தில், தண்ணீர் ஓடி முடிவதற்குள் அவசரப்பட்டு அச்சைத் திறந்து, வலது மணிக்கட்டில் நல்ல சூடு வாங்கியிருந்தான். அன்றிலிருந்து தண்ணீர் நின்ற பிறகும் மனசுக்குள் ஐந்து எண்ணுவான். எண்ணி முடித்துத்தான் திறப்பான். அதனால் மற்றவர்களைவிடத் தினமும் இருபது இருபத்தைந்து தட்டு குறையும். மேஸ்திரிக்கு அதைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும்.

"நீ என்னடா, ரெக்கார்டு அடிக்கிறியா, இல்ல உக்காந்து அடைகாக்கிறியா?" என்று காதருகே வந்து கத்துவார்.

நாலு சிரித்து வைப்பான். மணிக்கட்டுத் தழும்பைக் காட்ட மாட்டான்.

கொட்டகையின் மறுகோடியில் ஒரு சின்ன அறை. இரண்டு கதவு, சுவரெல்லாம் கனத்த துணி, கொட்டகைப் பக்கம் ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளே ஒரு பெண் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒவ்வொரு மெஷினிலும் ஐம்பது தட்டுக்கு ஒன்று அவளிடம் போகும். ஓட்டிக் கேட்டு, குறை இருந்தால் எழுதுவாள். அவளுக்குக் கொட்டகையில் வைத்த பெயர் காது. "காது இன்னைக்கு மூணாம் நம்பரைப் பிடிச்சிருச்சு" என்றால் மூன்றாம் நம்பர்காரனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

"என் முகத்துக்கு நேரா யாரும் அப்படிக் கூப்பிட்டதில்ல" என்றார் மாமியார். கையைத் துடைத்துக்கொண்டு அவரும் கூடத்துக்கு வந்துவிட்டார். மாப்பிள்ளைக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. "அத்தை, காதுங்கிறது நீங்களா?" என்று வாயைப் பிளந்தார்.

"பின்னே வேற யாரு? ஆறு வருஷம். நீங்க சொல்லுங்க" என்று கணவரைப் பார்த்தார்.

சாயங்காலச் சங்கு ஊதினதும், வருகைப் பதிவு செய்கிற இடத்தில் காது எழுதின சீட்டு தொங்கும். எல்லோரும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். அந்த வாரம் பச்சை லேபிள் ரெக்கார்டு ஒன்று எல்லா மெஷினிலும் ஓடிக்கொண்டிருந்தது. சின்னத் தட்டு, பக்கத்துக்கு ஒரு பாட்டு. சீட்டில் இப்படி இருந்தது:

"2: இரைச்சல் அதிகம். 3: துளை நடுவில் இல்லை, குரல் ஆடுகிறது. 4: மூச்சு கேட்கிறது. 8: கொப்புளம்."

நாலு சீட்டை இன்னொரு தடவை படித்தான். மூன்று வருஷத்தில் சீட்டில் அவன் நம்பர் வந்ததே இல்லை. பக்கத்தில் நின்ற ஏழு அவன் தோளில் தட்டினான்.

"என்னடா நாலு, பிளேட்டுக்குள்ள மூச்சு விட்டியா?"

"காத்து புகுந்திருக்கும்" என்றான் எட்டு. "அடைகாத்து அடைகாத்து உள்ளே குஞ்சு பொரிச்சிருச்சு போல."

எல்லோரும் சிரித்தார்கள். நாலுவும் சிரித்தான். ஆனால் பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது அதே நினைப்பாக இருந்தது. அச்சுக்குள் காற்று எப்படிப் போகும்? ஐந்து எண்ணுவதால்தான் போகிறதோ?

மறுநாள் காலையில் சங்கு ஊதுவதற்கு அரைமணி முன்னாலேயே போய் அந்தக் கண்ணாடி ஜன்னலில் நின்றான். தட்டுகளைக் கொடுத்து வாங்க அடியில் ஒரு சின்னத் திறப்பு உண்டு. காது அதைத் தள்ளித் திறந்தாள்.

"நான் நாலாம் நம்பர். என் தட்டுல காத்து புகுந்திருக்குன்னு எழுதியிருந்தீங்க. எப்படிச் சரி பண்றதுன்னு கேக்க வந்தேன்."

"காத்துன்னு எழுதலையே. மூச்சு கேக்குதுன்னுதானே எழுதினேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். "இல்லங்க. அந்தம்மா பாட ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கிறாங்க. மத்த மெஷின்ல அடிச்சதுல எல்லாம் அது இரைச்சல்ல அமுங்கிப் போயிடுது. உங்க தட்டுல மட்டும் கேக்குது. அது குறையில்ல. எனக்கு எழுதணும்னு தோணுச்சு, எழுதினேன்."

நாலு திறப்பின் பக்கம் குனிந்தான். "யாரு மூச்சு? அந்தப் பாடறவங்களோடதா?"

"ஆமா."

"நான் ஒரு தடவை கேக்கலாமா?"

"உள்ளே யாரையும் விடக்கூடாது. தூசியும் எண்ணெயும் ஒட்டிடும்னு உத்தரவு" என்றவள், அவன் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "கடையில கிடைக்குமே. வாங்கிக் கேளுங்க" என்றாள்.

இத்தனை நாள் அது அவனுக்குத் தோன்றவே இல்லை. தான் அடிக்கிற ரெக்கார்டைத் தானே கடையில் போய் வாங்கலாம் என்று.

விடுமுறை நாள் வந்தது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கடைத்தெருவில் இருந்த ரெக்கார்டு கடைக்குப் போனான். கடைக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நாலு லேபிளின் நிறத்தையும் பாடகியின் பெயரையும் சொன்னான். அந்தப் பெயரை ஒரு நாளைக்கு நானூறு தடவை பார்த்தவன், வாயால் சொல்வது அதுதான் முதல் தடவை. நாக்கு கொஞ்சம் தடுமாறியது.

கடைக்காரர் ஒரு தட்டை எடுத்து நீட்டினார். நாலு அதை வாங்கி, உறையிலிருந்து உருவி, லேபிளின் ஓரத்தை விரல் நுனியால் தடவினான். நாலாம் நம்பர் அச்சில் நடு வளையத்தில் ஒரு சின்ன நெளிவு உண்டு. அதில் அடித்த தட்டில் லேபிளுக்குப் பக்கத்தில் எள்ளில் பாதி அளவுக்கு ஒரு மேடு நிற்கும். அவன் விரலுக்குத்தான் அது தெரியும்.

"இது இல்ல."

"அதேதான் சார். நீங்க சொன்ன அதே பாட்டு."

"பாட்டு அதேதான். இது ஆறாம் நம்பரோ ஏழோ அடிச்சது. எல்லாத்தையும் கொஞ்சம் எடுங்களேன்."

கடைக்காரர் பெருமூச்சு விட்டுக்கொண்டு கடையில் இருந்த பதினைந்து தட்டுகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். நாலு ஒவ்வொன்றாகத் தடவினான். அவற்றில் நான்கு அவனுடையவை. அவற்றைத் தனியாக அடுக்கி வைத்தான். தொழிற்சாலைக் கதவைத் தாண்டி வெளியே போன தட்டுகள் எங்கே போகின்றன என்று அவன் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இங்கே, கண்ணாடி அலமாரியில், மனிதர்கள் காசு கொடுத்து வாங்கிப் போக, வரிசையாக நின்றுகொண்டிருந்தன.

அந்த நேரத்தில் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்த ஒரு அம்மா, மேஜைமேல் மீதியிருந்த பச்சை லேபிள் ரெக்கார்டு ஒன்றைப் பணம் கொடுத்து வாங்கிப் பைக்குள் வைக்கப் போனார்.

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றான் நாலு. "அதை வச்சிட்டு இதை எடுத்துக்குங்க."

"ஏன், இதுல என்ன?"

"அதுல ஒண்ணுமில்ல. இதுல மூச்சு கேக்கும்."

அந்த அம்மா கடைக்காரரைப் பார்த்தார். கடைக்காரர் தலையை மெல்ல ஆட்டினார், சொல்கிறபடி செய்துவிடுங்கள் என்கிற மாதிரி. மாற்றிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனார். அவர் தெருமுனை திரும்புகிறவரை நாலு பார்த்துக்கொண்டே நின்றான். மீதி மூன்றில் எதை எடுப்பது, எதை விடுவது? விடமுடியவில்லை. மூன்றையும் வாங்கிக்கொண்டான்.

"ஒரே பாட்டு மூணு எதுக்கு சார்?" என்றார் கடைக்காரர் மனசு பொறுக்காமல்.

"மூணும் நான் செஞ்சது" என்றான். கடைக்காரர் மூன்றையும் தாளில் சுற்றி நீட்டினார்.

தெருவில் இறங்கி நடந்தபிறகுதான் உறைத்தது, பிளேயருக்கு எங்கே போவது? தெரிந்தவர் யாரிடமும் இல்லை. யோசித்துக்கொண்டே போனவனுக்குப் பல் டாக்டர் ஞாபகம் வந்தது. போன வருஷம் கடைவாய்ப் பல்லுக்காகப் போயிருந்தான். நோயாளிகள் பயப்படாமல் இருக்கட்டும் என்று சிகிச்சை அறையிலேயே ஒரு பிளேயர் வைத்து ஓட்டுவார். அன்று வலியில் அவனுக்குப் பாட்டாவது ஒன்றாவது.

சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் அந்த இடம். கன்னம் வீங்கிப்போய் ஒருவர் பெஞ்சில் காத்திருந்தார். நாலு தன் முறை வந்ததும் உள்ளே போனான்.

"தம்பி, எந்தப் பல்லு?"

"பல்லு இல்ல டாக்டர். பாட்டு." மூன்று தட்டுகளையும் நீட்டி, வந்த விஷயத்தைச் சொன்னான்.

டாக்டர் நெற்றியைச் சொறிந்தார். "என் மனைவிக்குத் தெரிஞ்சா சிரிப்பா. சரி, சேர்ல உக்காருங்க. நாற்காலியில ஆள் இருந்தாத்தான் பிளேயர் ஓடும், அது இங்க சட்டம். வந்ததுக்கு அந்தக் கடைவாய்ப் பல்லையும் பாத்துடறேன்."

பல்லைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு கையைக் கழுவித் துடைத்து, தட்டை ஒரு மெல்லிய துணியால் சுற்றித் துடைத்து, ஊசியை இறக்கினார். நாலு சாய்ந்த நாற்காலியில் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

முதலில் சின்னதாக ஏதோ பொரிந்தது. பிறகு ஒன்றுமில்லை. ஒரு பெரிய, சுத்தமான ஒன்றுமில்லை.

அப்போது யாரோ அறைக்குள் வந்தார்கள்.

நாலு சட்டென்று எழுந்து வாசலைத் திரும்பிப் பார்த்தான். டாக்டரும் பார்த்தார். திரைச்சீலை அசையவில்லை. வாசலில் யாரும் இல்லை. ஒரு பெண் மூச்சை இழுத்தாள், அவ்வளவுதான். நெஞ்சு நிறைய வாங்கி, ஒரே ஒரு நொடி பிடித்து வைத்த மூச்சு. நாலுவும் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்தான். அவள் பாடத் தொடங்கினாள்.

பாட்டைப் பற்றி மாமனாரிடம் எத்தனை தடவை கேட்டாலும் அவரால் சொல்ல முடிந்ததில்லை. நன்றாக இருந்தது என்பார். ஒரு குரல் இவ்வளவு பக்கத்தில் வரும் என்று தெரியாது என்பார். அவள் வாயைத் திறப்பதும், உதடு ஒட்டிப் பிரிவதும், ஒரு சொல்லை முடித்துவிட்டு அடுத்த சொல்லுக்கு முன் கொஞ்சம் யோசிப்பதும் தெரிந்தது. எதிர்வீட்டு ரேடியோவில் பாட்டு மட்டும்தான் வந்தது. இங்கே ஆளே வந்திருந்தாள்.

பாட்டு முடிந்தது. வாத்தியங்கள் ஓய்ந்தன. டாக்டர் ஊசியை எடுக்கக் கையைக் கொண்டுபோனார். அதற்குள் தட்டிலிருந்து, தூரத்தில், பாடுகிற குரலாக இல்லாமல் வீட்டில் பேசுகிற குரலாக, அவள் யாரிடமோ கேட்டாள்: "போதுமா?"

டாக்டரின் கை அப்படியே நின்றது.

"இருபது வருஷமா ரெக்கார்டு கேக்கிறேன் தம்பி" என்றார். "இப்படி ஒண்ணு கேட்டதில்ல."

இரண்டாவது தட்டைப் போட்டார்கள். அதே மூச்சு. அதே "போதுமா?" மூன்றாவதிலும் அப்படியே. கன்னம் வீங்கியவர் எப்போது எழுந்து வந்தாரோ தெரியவில்லை, திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலியை மறந்து கன்னத்திலிருந்து கையை எடுத்திருந்தார்.

நாலு தன் கைகளைப் பார்த்தான். விரல் இடுக்கில் போகாத கறுப்பு, மணிக்கட்டில் தழும்பு. அந்தப் பெண் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு அறையில், ஒரே ஒரு தடவைதான் மூச்சிழுத்தாள். பாடி முடித்துவிட்டுப் போதுமா என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். அந்த மூச்சு தகட்டில் ஒரு கீறலாகி, நீராவியிலும் களியிலும் புகுந்து, இந்தக் கைக்கு அடியில் நாளுக்கு நானூறு தடவை வந்து போயிருக்கிறது. தட்டுதான் செய்கிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். விளிம்பு உடைந்ததென்று திரும்ப உருக்கப் போடுகிற தொட்டியில் எத்தனை தட்டை எறிந்திருப்பான்! அதிலெல்லாம்கூட அவள் பாடத் தயாராக மூச்சிழுத்துக்கொண்டுதானே இருந்திருப்பாள்?

"காசு எவ்வளவு டாக்டர்?" என்றான், கடைசியில்.

"போங்க தம்பி" என்றார் டாக்டர். "நான்தான் குடுக்கணும்."

மறுநாள் காலை மறுபடியும் கண்ணாடி ஜன்னல்.

"கேட்டேன்" என்றான்.

காதுவின் முகம் மலர்ந்தது. "மூச்சு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. கடைசியில போதுமான்னு கேக்கிறாங்களே, அதுவும் கேட்டுச்சு."

"என்னது?"

"பாட்டு முடிஞ்சதும் கேப்பாங்களே. போதுமான்னு."

காது ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். "நான் கடைசி வரைக்கும் கேட்டதே இல்லங்க. ஆரம்பம் கொஞ்சம், நடுவுல கொஞ்சம். அதுக்குள்ள அடுத்த தட்டு வந்துடும். அஞ்சு வருஷம் ஆச்சு. ஒரு பாட்டைக்கூட முழுசா கேட்டதில்ல."

"இன்னைக்கு இதைக் கேட்டுப் பாருங்களேன்."

"மேஸ்திரி கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே இருப்பாரு. ஊசி ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஒரே தட்டுல இருந்தா வந்து கதவைத் தட்டுவாரு."

நாலு யோசித்தான். வாங்கின தட்டுதான் என்றாலும் தொழிற்சாலைக்குள் கொண்டுவந்தால் திருட்டு என்பார்கள். "உங்களுக்குப் பல்லு ஏதாவது வலிக்குதா?" என்று கேட்டான்.

"பல்லு நல்லாத்தான் இருக்கு. ஏன்?"

அடுத்த விடுமுறை நாளில் அவள் பல் டாக்டரிடம் வந்தாள், துணைக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு. அக்கா நல்ல கனமான ஆள். ஒரு ஆம்பளை தன் தங்கையைப் பல் டாக்டரிடம் எதற்கு வரச்சொல்கிறான் என்று பார்த்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள். வந்ததிலிருந்து குடையை மடியில் தடியைப் போலப் பிடித்துக்கொண்டு நாலுவையே முறைத்தாள்.

காது நாற்காலியில் உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கியது. இரண்டாவது நிமிஷம் தாண்டும்போது அவள் வலதுகை தானாக எழுந்தது, ஊசியைத் தூக்க. பாதியில் அந்தரத்தில் நின்றது.

"விடுங்க. இங்க மேஸ்திரி இல்ல" என்றான் நாலு.

அவள் கையை மடியில் வைத்து, இன்னொரு கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பாட்டு அவளுக்குத் தெரியாத இடத்துக்குள் போனது. நூற்றுக்கணக்கான தடவை வாசல் வரை வந்து திரும்பிப் போன வீடு. இப்போது ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு போகிற முகம் அவளுக்கு. கண் இமைக்கவே இல்லை. குரல் ஓய்ந்து, வாத்தியம் ஓய்ந்து, அந்தப் பெண் கேட்டாள்: "போதுமா?"

கதவோரம் இருந்து அக்காவின் கனத்த குரல் வந்தது.

"இல்லம்மா. இன்னும் ஒண்ணு பாடு."

சொன்ன பிறகுதான் அக்காவுக்கே வெட்கம் வந்தது. குடையை எடுத்துத் தரையில் தட்டினாள். காது சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். நாலு ஒரு தட்டை உறையோடு எடுத்து அவள் கையில் கொடுத்தான். அவளிடமும் பிளேயர் கிடையாது. வாங்கிக்கொண்டாள்.

"அது பீரோவுல இன்னும் இருக்கு" என்றார் மாமியார் மாப்பிள்ளையிடம். "அவரோட ரெண்டையும் இவ சின்ன வயசுல உடைச்சிட்டா. என்னோடதை நான் தொட விட்டதில்ல."

"கடைசியில என்னாச்சு, அதைச் சொல்லுங்க" என்றாள் மகள், பேச்சை மாற்றுகிற அவசரத்தில்.

கடைசியில் ஆனது இது. அடுத்த நாள் சாயங்காலம் சீட்டில் காது எழுதினாள்: "4: பாட்டின் கடைசியில் 'போதுமா?' என்று கேட்கிறார்." அவ்வளவுதான், மேஸ்திரி பிடித்துக்கொண்டார். பாட்டு இல்லாத பேச்சு தட்டில் இருந்தால் அது குறைதான், மொத்தத்தையும் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும் என்று மேனேஜரிடம் போய் நின்றார். மேனேஜர் தானே இறங்கி வந்தார். காதுவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியாகப் பதினோரு பேரும் பார்த்தார்கள். மேனேஜர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றார். முடிந்ததும் விரலை உயர்த்தி, இன்னொரு தடவை என்றார். பிறகு உட்கார்ந்துவிட்டார். மூன்றாவது தடவையும் கேட்டார்.

வெளியே வந்தவர் நாலாம் நம்பர் மெஷின் முன்னால் நின்று, "நீ இதுல என்ன பண்றே?" என்று நாலுவின் காதில் கத்தினார்.

"தண்ணி நின்னப்புறம் அஞ்சு எண்ணித்தான் திறக்கிறேன் சார். தட்டு நல்லா ஆறிடும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

மேனேஜர் மேஸ்திரியின் பக்கம் திரும்பினார். "நாளையிலேருந்து எல்லாரும் அஞ்சு எண்ணட்டும்."

மறுநாளிலிருந்து கொட்டகையில் பதினோரு மெஷின்களும் ஐந்து எண்ணிக்கை தயங்கித் திறந்தன. பதினோரு பேருக்கும் ஒரே நினைப்பு: நம்முடையதிலும் கேட்குமா? அந்த மாசம் பல் டாக்டருக்குக் கூட்டம் தாங்கவில்லை. ஏழுக்கு முன்பல் கூசியது. எட்டுக்கு ஈறு வீங்கியது. ஒன்பது புதுமனைவியையும் கூட்டிக்கொண்டு போனான், அவளுக்கும் ஏதோ வலி என்று. ஆளுக்கொரு ரெக்கார்டு, தன் தன் அச்சின் அடையாளத்தைத் தேடிக் கடையில் தடவித் தடவி எடுத்தது. கடைசியில் டாக்டர், "இப்படி ஒவ்வொருத்தரா வந்தா நான் பல்லு பிடுங்கறது எப்போ? எல்லாரும் ஒரே நாள்ல வாங்கய்யா" என்று சொல்லிவிட்டார்.

ஒரு விடுமுறை நாள் பிற்பகல். பதினோரு மெஷின்காரர்களும், களி பிசைகிற பெரியவரும், அந்த மாடி அறையில் பெஞ்சிலும் தரையிலும் உட்கார்ந்தார்கள். எல்லோரும் குளித்துத் தலைவாரி வந்திருந்தார்கள். கொட்டகைக்கு வெளியே மெஷின் சத்தம் இல்லாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது புதுசாக இருந்தது. பழக்கதோஷத்தில் வாயை மட்டும் அசைத்துப் பேசினார்கள். கடைசியில் மேஸ்திரியும் மாடியேறி வந்தார், தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டு. எல்லோரும் நடிப்பு என்று நினைத்தார்கள். டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "நிஜமாவே சொத்தை" என்றார்.

ஒவ்வொரு தட்டாகப் போட்டார் டாக்டர். போடும்போது நம்பரைச் சொல்வார். அந்த நம்பர்காரன் தலையைக் குனிந்துகொள்வான். பதினோரு தட்டு, பதினோரு தடவை அந்தப் பெண் அறைக்குள் வந்தாள். பதினோராவது தடவையும் யாரோ ஒருவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

பல்லைப் பிடுங்கிக்கொள்ள மேஸ்திரி தங்கிவிட்டார். மற்றவர்கள் படியிறங்கி வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். பேருந்து வந்தது. நடத்துநர் மணியடித்துக் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார், ஒருவரும் ஏறவில்லை. பிறகு, யாரும் சொல்லாமலேயே, எல்லோரும் நடக்கத் தொடங்கினார்கள். ஆற்றுப் பாலம் வரை நடந்தார்கள்.

பாலத்தில் களி பிசைகிற பெரியவர் நின்று கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் நகத்துக் கறுப்பு இருபத்தெட்டு வருஷத்துக் கறுப்பு.

"என்ன வேலைன்னு பேரன் கேக்கும்போதெல்லாம், கரியைப் பிசையறேன்னு சொல்லியிருக்கேன்டா நாலு" என்றார்.

"இன்னைக்குப் போய் என்ன சொல்லுவீங்க?"

பெரியவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சொல்றது அப்புறம்" என்றார். "முதல்ல அவன் கையைப் பிடிச்சு டாக்டர் மாடிக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும்."